உடற்பருமனுக்கான மருந்துகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மருந்தகமொன்றில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு, அண்மைக் காலத்தில் 'மெலியும் ஊசி' பற்றிய கேள்வி வராத நாள் அரிது. உப்புவெளியிலிருந்து வருபவரும் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருபவரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியருடன் பேசி எடுக்க வேண்டிய முடிவுகள். அவரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

உடம்பு மெலியிறதுக்கு உண்மையிலேயே மருந்து இருக்குதா, மிஸ்? இல்லாட்டி எல்லாம் விளம்பரமா?

இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதிக்கப்பட்டு, பல நாடுகளின் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அனுமதித்த மருந்துகள் இன்று உள்ளன. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் 'மெலியும் ஊசி' எனப்படும் செமாகுளுடைட், டிர்செபடைட் போன்றவற்றைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவோடு இதய நோய், சிறுநீரக நோய் அல்லது உடற்பருமனும் சேர்ந்து இருப்பவர்களுக்காகவே அந்தச் சேர்ப்பு.

'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்ற பேச்சை வாங்கி வாங்கி மனம் நொந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். எடை குறையத் தொடங்கியதும் உடல் அதை ஒரு பஞ்ச காலமாக எண்ணிக்கொண்டு, பசியைத் தூண்டும் ஓமோன்களைக் கூட்டுகிறது. செலவழிக்கும் சக்தியையும் குறைத்துக்கொள்கிறது. மூன்று மாதம் உணவைக் கட்டுப்படுத்திக் குறைத்த எடை அடுத்த ஆண்டு திரும்பி வருவதற்கு மனவுறுதிக் குறைவு மட்டும் காரணமன்று. அந்த உடலியல் எதிர்ப்பைத் தணிப்பதுதான் புதிய மருந்துகளின் வேலை.

எல்லாரும் என்னைக் குண்டு எண்டு சொல்லுறாங்க. மருந்து தேவைப்படுற அளவா எண்டு எப்பிடித் தெரியும்?

கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி கிடைக்கும். 160 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 28 ஆகும். மருந்துகளின் அனுமதி பெரும்பாலும் சுட்டி 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் போன்ற ஏதாவதொன்று சேர்ந்து உள்ளவர்களுக்கும் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் எங்களைப் போன்ற தெற்காசியருக்கு, குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகிறது. ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனம் தேவைப்படும் எல்லைகளாகக் கொள்ளலாம் என 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது அதனால்தான். தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா ஒன்று போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பவருக்கான மருந்துகள் இவையல்ல. அப்படிக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

இந்த ஊசி உடம்புக்குள்ள போய் கொழுப்பைக் கரைக்குமா?

கரைக்காது. நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி-1 என்ற ஓமோன் சுரந்து, சதையியிடம் இன்சுலினைக் கேட்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியை அனுப்புகிறது. இயற்கையான அந்த ஓமோன் இரத்தத்தில் சில நிமிடங்களுக்குள் சிதைந்துவிடும். செமாகுளுடைட், அந்த ஓமோன் உடலின் உயிரணுக்களில் தட்டும் அதே கதவைத் தட்டும், ஆனால் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட மூலக்கூறு. டிர்செபடைட் அதனுடன் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஓமோனின் கதவையும் சேர்த்துத் திறக்கிறது.

இதைப் பயன்படுத்துபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டாவது இடியப்பத் தட்டை நினைக்கும் அந்த ஓயாத எண்ணம் அடங்கிவிடுகிறது. குறைவாகச் சாப்பிடுவதால் கொழுப்புக் குறைகிறது. ஊசி நேராகக் கொழுப்பைத் தொடுவதில்லை.

எந்த மருந்துக்கு எத்தனை கிலோ குறையும்? அதைச் சொன்னால் முடிவெடுக்கலாம்.

நீரிழிவு இல்லாத, 90 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் போடும் லிராகுளுடைட் ஊசியில் சராசரி இழப்பு ஓராண்டில் 8 சதவீதம், அதாவது ஏழு கிலோ அளவு. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் 2.4 மில்லிகிராமில் 68 வாரங்களில் 14.9 சதவீதம், அதாவது பதின்மூன்று கிலோ அளவு. வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைட்டின் உச்ச அளவான 15 மில்லிகிராமில் 72 வாரங்களில் 20.9 சதவீதம், அதாவது பத்தொன்பது கிலோவுக்குக் கிட்ட. இவை வெவ்வேறு ஆய்வுகளின் எண்கள். ஆனால் 2025-இல் வெளியான ஆய்வொன்று பிந்திய இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, டிர்செபடைட்டில் 20.2 சதவீதமும் செமாகுளுடைட்டில் 13.7 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. எடையை மட்டும் பார்த்தால் இன்று கையிலுள்ளவற்றில் டிர்செபடைட்டே முன்னால் நிற்கிறது.

எடையை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் துணிந்தேன். ஏற்கனவே இதய நோயும் மிகை எடையும் உள்ள, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், செமாகுளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு அபாயத்தை 20 சதவீதத்தால் குறைத்தது. மாரடைப்புக் கண்டு தேறிய ஒருவருக்கு இது இன்னும் ஐந்து கிலோ கூடுதலாகக் குறைவதைவிடப் பெரிய செய்தி. மறுபுறம், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது டிர்செபடைட். ஆகவே 'எது கூடக் குறைக்கும்' என்பதோடு 'எனக்கு வேறு என்ன வருத்தம் இருக்கிறது' என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொன்று. நீரிழிவு உள்ளவர்களிடம் இதே மருந்துகளில் இழப்புக் குறைவாகவே இருக்கிறது: செமாகுளுடைட்டில் 10 சதவீதத்துக்கு அண்மித்தும், டிர்செபடைட்டின் உச்ச அளவில் 15 சதவீதத்துக்கு அண்மித்தும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைந்த அளவு உங்களுக்குக் குறையவில்லை என்றால் மருந்து போலி என்று உடனே எண்ண வேண்டாம்.

ஓர்லிஸ்டாட் எண்ட குளிசை இருக்குதே, ஊசி குத்தாமல் அதைக் குடிச்சால் போதாதா?

சிலருக்குப் போதும். உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமல் வெளியேறும்படி செய்யும் மருந்து அது. மூளையையோ பசியையோ தொடுவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் குறைவதற்கு மேலாக இது தரும் இழப்பு சராசரியாக மூன்று கிலோ அளவுதான். தேங்காய்ப்பால் சொதியும் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டு இதைக் குடித்தால், உறிஞ்சப்படாத எண்ணெய் மலத்தோடு கட்டுப்பாடின்றி வெளியேறும். சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே கைவிட்டவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது. ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், ஒரு விற்றமின் குளிசையை இரவு படுக்கும்போது எடுக்க வேண்டும்.

1990-களின் இறுதி முதல் பயன்பாட்டில் உள்ளது என்பதும், உடலுக்குள் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகிறது என்பதும் இதன் பலங்கள்.

நான் சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறன். அதுவும் மெலிய வைக்கும் எண்டு சொல்லுறாங்களே?

சிறிதளவு, இரண்டு மூன்று கிலோ வரை குறையலாம். அது எடைக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தன்று. ஆனாலும் நல்ல மருந்து, மலிவான மருந்து. புதிய ஊசியைக் கேள்விப்பட்டவுடன் அதை நிறுத்திவிடாதீர்கள்.

நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், தொல்புட்டமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் இந்த ஊசிகளைத் தொடங்கினால், சாப்பாடு குறையும்போது இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கிவிடலாம். பழைய மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை வைத்தியர் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். ஆகையால் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கண்ணின் விழித்திரையில் ஏற்கனவே நீரிழிவுப் பாதிப்பு உள்ளவர்கள் முதலில் கண்ணைக் காட்டிக்கொள்வதும் அவசியம், ஏனெனில் சீனி திடீரென இறங்கும்போது அந்தப் பாதிப்புச் சில காலம் மோசமாகக்கூடும்.

ஒசெம்பிக், வெகோவி, மௌன்ஜாரோ எண்டு எத்தனை பேர்! எல்லாம் வேற வேற மருந்தா?

ஒசெம்பிக்கும் வெகோவியும் ஒரே செமாகுளுடைட்தான். முன்னையது நீரிழிவுக்கும், பின்னையது கூடிய அளவில் உடற்பருமனுக்கும் அனுமதி பெற்றவை. மௌன்ஜாரோவும் செப்பவுண்டும் டிர்செபடைட். சக்செண்டா என்பது லிராகுளுடைட். பெட்டியின் பெயரைவிட, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். செமாகுளுடைட்டின் முதன்மைக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சுடன் முடிவதால், அங்கிருந்து புதுப்புதுப் பெயர்களில் அதே மருந்து வரும்போது இந்தப் பழக்கம் உதவும்.

ஓங்காளமும் சத்தியும் வருமாமே, தாங்கலாமா?

பெரும்பாலானோர் தாங்குகிறார்கள். செமாகுளுடைட்டின் முதன்மை ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதமானோருக்கு ஓங்காளமும், நான்கில் ஒருவருக்கு அண்மித்துச் சத்தியும் ஏற்பட்டன. வயிற்றோட்டமும் மலச்சிக்கலும் உண்டு. பெரும்பாலும் அளவைக் கூட்டும் வாரங்களில் வந்து, பிறகு தணியும். அதற்காகத்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகச் சாப்பிட்டு, வயிறு நிறைந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். எண்ணெயில் மிதக்கும் கொத்து றொட்டியை அந்த வாரங்களில் தவிர்ப்பது நல்லது. எங்கள் ஊர் வெயிலில் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் உடல் வரண்டு சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், தண்ணீரும் உப்புக் கலந்த கஞ்சியும் கைவசம் இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவினால் அது சதையி அழற்சியாக இருக்கலாம். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகக்கூடும். வலது விலாவின் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் அதன் அடையாளங்கள். திடீரெனக் கண் பார்வை குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எலிகளில் தைரொயிட் கட்டிகள் காணப்பட்டதால், தைரொயிட்டின் மெடுலரி வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இம்மருந்துகள் கொடுக்கப்படுவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர், இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் ஊசி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லண்டனில இருக்கிற மகள் தான் போடுற பேனாவையே வாங்கி அனுப்புறாளாம். நான் போடலாமா?

பேனா என்பது மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசிக் கருவி. பாசத்தோடு வரும் பொதிதான், ஆனால் அதற்குள் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது அளவு. ஒருமுறை ஒரு தாயார் கொண்டுவந்து காட்டிய பெட்டியில் 10 மில்லிகிராம் டிர்செபடைட் இருந்தது. மகள் மாதக்கணக்கில் ஏறி வந்து சேர்ந்த அளவு அது. 2.5-இல் தொடங்க வேண்டிய தாயார் அதைப் போட்டிருந்தால் நாள்கணக்கில் சத்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்.

இரண்டாவது வெப்பம். திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. பயன்படுத்தத் தொடங்கியபின் 30 பாகைக்குக் கீழே சில வாரங்கள் தாங்கும். எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே 30 பாகை தாண்டிவிடும். விமானத்தின் பொதிப் பகுதியில் உறைந்து, கொழும்பிலிருந்து பகல் பஸ்ஸில் வெந்து வந்த பேனா பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். வேலை செய்யுமா என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

மூன்றாவது போலி. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம், பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஒசெம்பிக் பிடிபட்டதாக எச்சரித்தது. இங்கே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தை, வைத்தியரின் மருந்துச் சிட்டையோடு, குளிர்ப்பெட்டி உள்ள மருந்தகத்தில் வாங்குவதே சரி. மகள் உதவ விரும்பினால் பணமாக அனுப்பட்டும்.

நானும் தங்கச்சியும் ஊசியை மட்டும் மாத்தி, ஒரே பேனாவைப் பங்கு போட்டால் காசு மிச்சம்தானே?

வேண்டாம். ஊசிமுனையை மாற்றினாலும், ஒருவரின் இரத்தத் துணிக்கைகள் பேனாவுக்குள் பின்னோக்கிச் செல்லக்கூடும். ஈரல் அழற்சி, எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்கு அது வழி.

நோன்பு காலத்தில போடலாமா, மிஸ்? சஹருக்கே சாப்பிட மனம் வராதே.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து ரமழானுக்கு முன் பலர் கேட்கும் கேள்வி. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும் கேட்கிறார்கள். மருத்துவ நோக்கில், ஏற்கனவே ஒரு நிலையான அளவுக்குப் பழகி, ஓங்காளம் தணிந்தவர்கள் பெரும்பாலும் தொடரலாம். விரதத்தை ஒட்டிப் புதிதாகத் தொடங்குவதையும் அளவைக் கூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். பசி தெரியாமல் இருப்பதைப் போலவே தாகமும் குறைவாகத் தெரியலாம் என்பதால், இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே நேரம் வைத்துத் தண்ணீர் குடியுங்கள். நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ சேர்ந்து இருந்தால், மெட்போமின் பற்றிய கேள்வியில் சொன்ன ஆபத்து இங்கே இரட்டிப்பாகும். வைத்தியரைக் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம். ஊசி நோன்பை முறிக்குமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

பிள்ளைக்கு முயற்சி செய்யிறம். உடம்பைக் குறைச்சால் கெதியாத் தங்கும் எண்டு சொன்னாங்க.

எடை குறைந்தால் முட்டை உருவாதல் சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுவது உண்மை. சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களில் இது நன்றாகத் தெரியும். ஆனால் இம்மருந்துகள் கர்ப்ப காலத்துக்கு உரியவை அல்ல. செமாகுளுடைட்டைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் எடுப்பவரின் கருத்தடைக் குளிசை வலுவிழக்கக்கூடும் என்பதால், தொடங்கிய பின்னும் ஒவ்வொரு அளவு ஏற்றத்தின் பின்னும் நான்கு வாரம் ஆணுறை போன்ற வேறு முறையும் தேவை. முதலில் எடையைக் குறைத்து, மருந்தை நிறுத்தி, அதன்பின் முயல்வது என்ற ஒழுங்கை மகப்பேற்று வைத்தியருடன் சேர்ந்து திட்டமிடுங்கள்.

மெலிஞ்ச பிறகு நிப்பாட்டிவிடலாம்தானே?

மேசைக்கு முன்னால் எனக்கு மிகவும் கடினமான கேள்வி இதுதான், ஏனெனில் விடை கேட்டதும் முகங்கள் வாடிவிடுகின்றன. செமாகுளுடைட்டை நிறுத்தி ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. டிர்செபடைட்டில் 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைந்தவர்களில், மருந்தை நிறுத்திய பிரிவினர் அடுத்த ஓராண்டில் 14 சதவீதம் கூடினார்கள். தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. முதற்கேள்வியில் சொன்ன உடலின் எதிர்ப்பு அப்படியே காத்திருக்கிறது. பிரஷர் குளிசையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதைப் போல இதையும் நீண்டகால மருத்துவமாகவே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலும் இவற்றை நீண்டகால மருத்துவமாக, உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு சேர்த்தே பரிந்துரைக்கிறது.

ஆகையால் தொடங்குவதற்கு முன், இரண்டு ஆண்டுக்கான செலவைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நகையை அடகு வைத்து நான்கு மாதம் போட்டு, பணம் முடிந்ததும் நிறுத்தியவரின் எடை திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன்; நகை திரும்பி வரவில்லை. கட்டுப்படியாகாத சிறந்த மருந்தைவிடத் தொடரக்கூடிய எளிய மருந்தே பலருக்குப் பொருந்தும்.

சதை எல்லாம் வத்திப்போய் முகம் கிழவி மாதிரி ஆகுமாமே?

குறையும் எடையில் ஒரு பங்கு தசை என்பது உண்மை. ஆய்வுகளில் அது கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது கவலைக்குரியது. பசி இல்லாத நாளிலும் மீன், முட்டை, பருப்பு, தயிர் என்று புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகலாம். கடற்கரையில் நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் தசைக்குப் போதாது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது போன்ற பாரப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

புதுசா குளிசையும் மாசத்துக்கு ஒரு ஊசியும் வரப்போகுதாமே, அதுவரைக்கும் பொறுக்கலாமா?

சில வந்துவிட்டன. 25 மில்லிகிராம் செமாகுளுடைட் குளிசை, ஆய்வில் 64 வாரங்களில் 13.6 சதவீத இழப்பைக் காட்டி, 2025 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெறும் வயிற்றில் சிறிதளவு தண்ணீரோடு குடித்து, அரை மணி நேரம் தேநீர்கூட அருந்தாமல் இருக்க வேண்டும். ஓர்ஃபோர்கிளிப்ரோன் என்ற இன்னொரு குளிசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது புரதத் துண்டாக இல்லாமல் சிறிய மூலக்கூறாக இருப்பதால் குளிர்ப்பெட்டியும் தேவையில்லை. 72 வாரங்களில் இழப்பு 11 முதல் 12 சதவீதம். எங்களுடையதைப் போன்ற வெப்பமான ஊருக்கு, மிகக் கூடிய சதவீதத்தைக் காட்டும் ஊசியைவிட இப்படியொரு குளிசையே பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பது என் கணிப்பு.

ஊசிகளில், மூன்று ஓமோன் கதவுகளைத் திறக்கும் ரெட்டாட்ருடைட், 2023-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 48 வாரங்களில் 24.2 சதவீதத்தை எட்டியது. அமைலின் என்ற சதையி ஓமோனைப் போன்ற காக்ரிலின்டைட்டைச் செமாகுளுடைட்டுடன் கலந்த ஊசி 68 வாரங்களில் 20 சதவீதம் குறைத்தது. மாதம் ஒருமுறை போடும் மாரிடைட் இரண்டாம் கட்ட ஆய்வில் ஓராண்டில் 20 சதவீதம் வரை காட்டியது. இன்று நீரிழிவும் மூட்டு வலியும் உங்களை வாட்டினால், அடுத்த மருந்துக்காக ஆண்டுகளைக் கழிப்பதில் பயனில்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற சீட்டோடு இணையத்தில் ரெட்டாட்ருடைட் தூள் விற்பவர்களிடம் எதையும் வாங்கி உடலில் ஏற்றாதீர்கள்.

முந்தியும் இப்பிடித்தான் குளிசை விட்டாங்க, பிறகு தடை செய்தாங்க. இதுவும் அப்பிடி ஆகாதா?

நியாயமான அச்சம். ஃபென்புளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997-இலும், ரிமோனபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் ஐரோப்பாவில் 2008-இலும், சிபுற்றமின் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இலும், லோர்காசெரின் புற்றுநோய் ஐயத்தால் 2020-இலும் சந்தையிலிருந்து நீங்கின. சிபுற்றமின் இன்னும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கும் சில மெலிவுப் பொடிகளில் மறைந்து வருவதை வெளிநாட்டுப் பரிசோதனைகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன.

வேறுபாடு இதுதான்: அவை பெரும்பாலும் மூளையின் இரசாயனங்களைக் குழப்பியவை. ஜி.எல்.பி-1 வகை 2005 முதல் நீரிழிவுக்குப் பயன்பட்டு வருகிறது. சிபுற்றமினுக்கு இதய ஆய்வு கெடுதலைக் காட்டிய இடத்தில், செமாகுளுடைட்டுக்கு அதே வகை ஆய்வு நன்மையைக் காட்டியது. இன்னும் ஆய்வில் உள்ள புதியவற்றுக்கு இத்தனை ஆண்டு வரலாறு கிடையாது. அவற்றைவிடப் பழகிய மருந்தை நான் விரும்புவதற்குக் காரணம் இதுவே.

ஆறு மாசம் போட்டும் எனக்கு ஒண்டும் குறையேல்ல. இன்னொரு மருந்தையும் சேர்த்துப் போடட்டா?

செமாகுளுடைட்டையும் டிர்செபடைட்டையும் சேர்க்கவே கூடாது; ஒரே கதவை இரண்டு பேர் தட்டுவதால் சத்திதான் கூடும். தாங்கக்கூடிய உச்ச அளவில் ஆறு மாதம் ஆகியும் தொடக்க எடையில் 5 சதவீதமாவது குறையவில்லை என்றால், அந்த மருந்தைத் தொடர்வதா என்று வைத்தியர் மறுபரிசீலனை செய்வார். சிலரின் உடல் இவ்வகைக்குக் குறைவாகவே பதிலளிக்கிறது; அதில் அவர்களின் குற்றம் எதுவும் இல்லை.

அதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். பேனா சூடானதா? ஒவ்வொரு வாரமும் தவறாமல் போட்டீர்களா, இன்னும் தொடக்க அளவிலேயே நிற்கிறீர்களா? பிரெட்னிசொலோன், ஒலன்சபின், சோடியம் வல்புரோயேட், இன்சுலின் போன்றவை எடையைக் கூட்டும் என்பதால், வேறு கிளினிக்கில் எடுக்கும் மருந்துகளின் பட்டியலும் வேண்டும். தைரொயிட் குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும். ஊசி போட்ட திகதிகளையும் வாராந்த எடையையும் ஒரு கொப்பியில் எழுதி, எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மாற்றுவதா நிறுத்துவதா என்பதை அவர் அந்தக் கொப்பியைப் பார்த்தே சொல்ல முடியும்.